காலி வரியை நான் அழித்த கதை

போன மாதம் ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள், கேக் வெட்டினார்கள், சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். கடிகாரத்தை மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன். முத்துச்செல்வி. எனக்குப் பிறகு எங்கள் எடிட்டர் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், பஸ்ஸிலேயே பாதி வேலையை முடித்துவிடுகிறவர்.

"சார், தொந்தரவு பண்ணுதேன்னு நினைக்காதிய. பழைய எடிட்டரைத் தூக்கிட்டு ரெடிமேடா ஒண்ணு வைக்கப் போறோம். உங்க சோதனைப் பட்டியல் மொத்தத்துலயும் புதுசு பாஸாயிட்டு. 'ஜெசிந்தா'ன்னு ஒரு சோதனை இருக்குல்லா, அதுல மட்டும் ஃபெயிலாவுது. அதை எடுத்துரட்டுமா?"

"எடுக்கப்படாது!" என்று நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

"சரி சார், எடுக்கலை. ஆனா யாரு சார் ஜெசிந்தா?"

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் எங்கெங்கோ போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் நாசரேத். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அதனால் எனக்கும் வாத்தியார் வேலைதான் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் படிக்கப் போய், சென்னையில் மூன்று வருடம் யார் யாருக்கோ புரோகிராம் எழுதி, அந்த வெயிலும் அந்த வாடகையும் ஒத்துக்கொள்ளாமல் தூத்துக்குடிக்குத் திரும்பி வந்து சுலைமான் பாயிடம் சேர்ந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. வேலை கற்றுக்கொண்டது எல்லாம் பாயிடம்தான்.

பாய் காயல்பட்டினத்துக்காரர். அண்ணன் தம்பிகள் நான்கு பேர் வளைகுடா நாடுகளில் இருக்க, இவர் மட்டும் தூத்துக்குடியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மாடியில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்துவிட்டார். கப்பல் ஏஜென்ட் அலுவலகங்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது தொழில். அவருக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் புரோகிராம் எழுதுகிறவனை வேலை வாங்கத் தெரியும். நாங்கள் ஏதாவது விளக்க ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். "சொல்ல வேண்டாம். காட்டுங்க." காட்ட முடியாத எதையும் அவர் நம்பியதில்லை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாள் வாடிக்கையாளர் அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும். டைப் அடிப்பவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். அவர்கள் தப்பாக அடித்தாலும் திருத்தக் கூடாது. திரும்பி வந்து, பார்த்ததை அவரிடம் காட்ட வேண்டும். எங்களுக்கு அது பெரிய இம்சையாக இருந்தது. எனக்கு இடுப்பு வலி அந்த ஸ்டூல்களில்தான் தொடங்கியது என்று இன்றுவரை மனைவியிடம் சொல்லி வருகிறேன்.

எடிட்டர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கத்தில் நீங்கள் எழுதுவதற்கு ஒரு பெட்டி இருக்கும். மேலே தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, பட்டியல் என்று பொத்தான்கள் இருக்கும். அந்தப் பெட்டிதான். கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் கடிதம், கண்டெய்னர்களை நிறுத்தி வைக்கும் யார்டுக்கு அனுப்பும் உத்தரவு எல்லாமே அதில்தான் அடிப்பார்கள். அந்தப் பெட்டியை நான் இருபது வருடத்துக்கும் மேலாக மேய்த்தேன். என் அத்தான் ஒருமுறை, "எழுத்து அடிச்சா எழுத்து விழணும், இதுல உமக்கு என்னய்யா சம்பளம்?" என்று கல்யாண வீட்டில் வைத்துக் கேட்டார். எழுத்து விழுவதில் ஒரு கஷ்டமும் இல்லை அத்தான். என்டரும் பேக்ஸ்பேஸும்தான் என் முடியைக் கொட்ட வைத்தவை.

என்டர் தட்டினால் ஒரு பிரவுசர் அதைப் புதுப் பத்தி என்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்று புதிதாக ஒரு பெட்டியைச் செய்து அதற்குள் போடும். வேறொன்று பத்தியை மாற்றாமல் வரியை மட்டும் முறித்துவிடும். திரையில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே மூன்றும் வேறு வேறு. அழிக்கப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். ஒரு வரியின் தொடக்கத்தில் நின்று பேக்ஸ்பேஸ் தட்டுகிறீர்கள். அங்கே அழிக்க எழுத்து கிடையாது. இரண்டு வரிகளுக்கு நடுவில் உள்ள சுவரைத்தான் இடிக்கச் சொல்கிறீர்கள். இடித்த பிறகு மேல் வரி தலைப்பாக இருந்தால் கீழ் வரியும் தலைப்பாகிவிட வேண்டுமா? மேல் வரி காலியாக இருந்தால்? கீழ் வரி பட்டியலில் இருந்தால் முதல் தட்டில் புள்ளி மட்டும் போய், இரண்டாவது தட்டில் வரி சேர வேண்டுமா, இல்லை ஒரே தட்டில் எல்லாமா? இப்படி முப்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். முத்துச்செல்வி அதைப் படித்துவிட்டு, நான் நல்ல மனநிலையில்தான் இருந்தேனா என்று வேறு யாரிடமோ விசாரித்ததாகக் கேள்வி.

தமிழில் வேறு ஒரு கூத்து. 'தூ' என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸ் தட்டினால் 'த' மிஞ்சும். அதே 'தூ'வுக்கு முன்னால் நின்று டெலீட் தட்டினால் முழு எழுத்தும் போய்விடும். உப்பு வியாபாரி ஒருவரின் குமாஸ்தா இதைக் கண்டுபிடித்து, "ஒரு பொத்தானுக்கு ஒரு புத்தின்னா, எனக்கு எத்தனை புத்தி வேணும்?" என்று கேட்டார். பதில் சொல்லக் கூடாது என்பது பாயின் சட்டம். அன்று அந்தச் சட்டம் எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது ஜெசிந்தா அக்கா.

துறைமுகம் போகிற சாலையில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகம். அங்கே இருபத்திரண்டு வருடமாக டைப்பிஸ்ட். டைப்ரைட்டரில் தொடங்கி, டெலக்ஸ் என்கிற தந்தித் தட்டச்சு பார்த்து, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தவர். விரல்கள் விசையில் இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும், வாய் பக்கத்து மேசைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும். தாளில் தப்பு இருக்காது. டைப்ரைட்டர் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர். ஒரு விஷயம் முடிந்து அடுத்த விஷயம் தொடங்கினால் இரண்டு என்டர். அந்த இரண்டாவது என்டர் ஒரு காலி வரியை விடும்.

அந்தக் காலி வரிக்கு அந்த அலுவலகத்தில் ஒரு அர்த்தம் உண்டு. டெலக்ஸ் காலத்திலிருந்து வந்த வழக்கம். மேலே ஒரு உத்தரவு, அதன் கீழே அந்த உத்தரவுக்கு உரிய கண்டெய்னர் எண்கள், பிறகு ஒரு காலி வரி. காலி வரி வந்தால் உத்தரவு முடிந்தது என்று பொருள். அதற்குக் கீழே வருகிற எண்கள் யார்டில் சும்மா நிற்கிற மற்ற கண்டெய்னர்கள், தகவலுக்காக. அதற்குத் தனியாகத் தலைப்பு போட மாட்டார்கள். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

அந்த ஸ்டூலில் எத்தனையோ நாள் உட்கார்ந்தவன் நான். அக்கா இரண்டு என்டர் தட்டுவதை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். ஏன் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் அந்த அலுவலக மேலாளர் போன் செய்தார். "சார், உங்க பிரிண்ட் ரெண்டு பக்கத்துக்குப் போவுது. யார்டுல அடிக்கிற காத்துக்கு ரெண்டாம் பக்கம் கையில நிக்க மாட்டேங்கு. ஒரே பக்கத்துல வாற மாதிரி செஞ்சு தாங்க." நியாயமான புகார். எடுத்துப் பார்த்தேன். தாளில் பாதி காலி வரிகள். பழைய டைப்பிஸ்ட்டுகளின் கைப்பழக்கம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். பிரிண்ட் எடுக்கும்போது மட்டும் காலி வரிகளை நீக்கிவிடும்படி மூன்று வரி புரோகிராம் எழுதினேன். திரையில் ஒன்றும் மாறாது, தாளில் மட்டும் நெருங்கி வரும். உத்தரவு ஒரே பக்கத்தில் அடங்கியது. மேலாளர் நன்றி சொன்னார். அந்த வாரம் நான் ஸ்டூலில் போய் உட்காரவில்லை. இடுப்பு வலி என்று பாயிடம் சொன்னேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. கிரிக்கெட் மேட்ச் இருந்தது.

ஒரு வாரம் கழித்து இறால் கண்டெய்னர் விஷயம் நடந்தது.

உறைந்த இறால் ஏற்றிய குளிர்பதனக் கண்டெய்னரை யார்டில் மின்சாரப் பிளக்கில் மாட்டி வைத்திருப்பார்கள். கப்பலில் ஏறும்வரை அது மைனஸ் பதினெட்டில் நிற்க வேண்டும். அன்று காலை ஜெசிந்தா அக்கா யார்டுக்கு ஒரு உத்தரவு அடித்தார். கீழ்க்கண்ட கண்டெய்னர்களின் பிளக்கைக் கழற்றவும். கீழே இரண்டு எண்கள், இரண்டும் சரக்கு இறக்கிக் காலியானவை. பிறகு ஒரு காலி வரி. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு எண். அதுதான் இறால். பிளக்கிலேயே நிற்க வேண்டியது.

தாளில் காலி வரி இல்லை. மூன்று எண்களும் ஒரே உத்தரவின் கீழ் வரிசையாக நின்றன. வழக்கமாகப் பிளக் பார்க்கிறவர் கோயில் திருவிழாவுக்கு லீவில் போயிருந்தார். அவராக இருந்தால் இறால் கண்டெய்னரைக் கழற்றச் சொல்கிறார்களே என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பார். மாற்றாக வந்தவர் தாளில் இருந்ததைச் செய்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

சாயங்காலம் இறால் கம்பெனி ஆள் வெப்பநிலை குறிக்கப் போனபோது கண்டெய்னரின் டிஸ்பிளே இருட்டாகக் கிடந்தது. மறுபடி மாட்டிப் பார்த்தால் மைனஸ் பதினைந்து. கப்பலில் ஏற்ற மாட்டோம், திறந்து பரிசோதித்த பிறகுதான் பேச்சு என்று சொல்லிவிட்டார்கள். கப்பல் அந்தக் கண்டெய்னர் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் மேலாளர் எனக்குப் போன் செய்தார். புகார் சொல்ல இல்லை. "உங்க சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்ல சார். எங்க டைப்பிஸ்ட் அம்மா வரி விடாம அடிச்சுட்டாங்க. விளக்கக் கடிதம் கேட்டிருக்கோம். அண்ணாச்சி அவங்கள நிப்பாட்டிருவாங்கன்னு நினைக்கேன். ஃபைலுக்கு அந்த உத்தரவோட காப்பி ஒண்ணு எடுத்து அனுப்புங்க." அண்ணாச்சி என்று அவர் சொன்னது அலுவலக முதலாளியை.

சேமித்து வைத்திருந்த உத்தரவைத் திரையில் திறந்தேன். இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவில் ஒரு காலி வரி அழகாக நின்றது. பிரிண்ட் எடுத்தேன். தாளில் அது இல்லை.

என்ன நடந்தது என்று அந்தக் கணமே முழுதாகத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது என்பதும் தெரிந்தது. அந்த மூன்று வரிகளை நீக்கிவிட்டால் தடம்கூட இருக்காது. நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்: அரை மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு டீ குடித்தேன். ஒப்பந்தம் போகும், பாய் முகத்தில் எப்படி முழிப்பது என்றெல்லாம் யோசித்தேன். ஜெசிந்தா அக்காவின் மகள் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள் என்பதும் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அதுதான் என்னை எழுப்பியது.

பாய் அறைக்குள் போய், "பாய், ஒரு தப்பு நடந்துபோச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"காட்டுங்க."

திரையைக் காட்டினேன். தாளைக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நடுவுல இருந்த வரி எங்க போச்சு?"

"நான்தான் அழிச்சேன் பாய்."

"அவங்க எதுக்கு அந்த வரிய விடுறாங்கன்னு கேட்டீங்களா?"

"இல்லை பாய். அக்காகிட்ட விளக்கக் கடிதம் கேட்டிருக்காங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "அந்தம்மா கடுதாசி குடுக்கறதுக்கு முன்னாடி போய்ச் சேருவோம். தாளை எடுத்துக்குங்க." உப்பளம் வழியாக ஸ்கூட்டரில் போகும்போது அவர் முதுகுக்குப் பின்னால் அந்தத் தாளைக் காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி அறையில் ஜெசிந்தா அக்கா ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நிற்கிற ஆளே இல்லை அவர். இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பாய் உட்காரவில்லை. "அண்ணாச்சி, தப்பு எங்களோடது. இவரு காட்டுவாரு" என்று என்னை முன்னால் விட்டார்.

காட்டினேன். அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் திரையில் இருப்பது அக்கா அடித்தது, எங்கள் மென்பொருள் தாளில் போட்டது இது, நடுவில் வரியை நீக்கியது நான். அண்ணாச்சி தாளை வாங்கித் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"பாய், நீங்க வந்து சொல்லலைன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்கவே செய்யாதே."

"அந்தம்மாவுக்குத் தெரியணும்லா, அண்ணாச்சி."

ஜெசிந்தா அக்கா தாளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டத்தில் வந்து அந்தக் காலி வரியின் மேல் விரலை வைத்தார்.

"அப்போ நான் வரி விட்டுருக்கேனா தம்பி?"

"விட்டிருக்கீங்க அக்கா."

"நேத்துலேருந்து எனக்கே சந்தேகம் வந்துட்டு. கை மறந்துட்டோன்னு பயந்துட்டேன்." அவ்வளவு சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அண்ணாச்சி மேசை விசிறியின் வேகத்தைக் கூட்டிவைத்தார்.

ஒப்பந்தம் போகவில்லை. இறால் கெடவில்லை, சோதனை முடிந்து அடுத்த கப்பலில் ஏறியது. பாய் இறால் கம்பெனிக்கும் நேரில் போய் அந்தத் தாளைக் காட்டினார். என் சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஒரே ஒரு தண்டனை கொடுத்தார்: அந்த மாதம் முழுக்க தினமும் அந்த ஸ்டூல். அந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் முப்பது பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். முத்துச்செல்வி கேட்ட சோதனையும் அப்போது எழுதியதுதான். இரண்டு என்டர் தட்டினால் வருகிற காலி வரி திரையிலும், தாளிலும், மெயிலிலும், எங்கே போனாலும் அழியக் கூடாது. புது எடிட்டர் அதை அழிக்கிறது என்றால் எடிட்டரைத் திருத்துங்கள் அம்மா, சோதனையைத் தொடாதீர்கள்.

அன்று நடந்ததில் இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா இறந்து இரண்டு வருடமாகிறது, இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அண்ணாச்சி அறையிலிருந்து வெளியே வந்ததும் அக்கா என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார், பாயும் கூட வந்தார். விளக்கக் கடிதத்தை எங்கள் எடிட்டரில்தான் அடித்து வைத்திருந்தார். கொடுக்கவில்லை, கொடுக்க இருந்தார். முழுவதையும் தேர்ந்தெடுத்து டெலீட் தட்டினார். பெட்டி வெறுமையானது.

"போயிட்டா தம்பி?"

எதுவும் தொலையாது, ஒவ்வொரு எழுத்தும் எங்கள் சர்வரில் பத்திரமாக இருக்கும் என்று நாங்கள்தான் அவர்களிடம் பெருமையடித்திருந்தோம். பொய் சொல்ல அன்று எனக்குத் தெம்பில்லை.

"இங்கன போயிட்டு அக்கா. எங்க சர்வர்ல இருக்கும்."

அவர் பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்து, "எழுதினவங்க வேணாம்னா, வேணாம்" என்றார்.

அலுவலகம் திரும்பியதும் சர்வரில் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அழிக்கும் முன் படித்தேன். படித்திருக்கக் கூடாது. இருபத்திரண்டு வருட வேலையைப் பற்றி ஒரு பத்தி. பிறகு ஒரு காலி வரி. பிறகு, "வரி விட்டேன் என்றே நினைக்கிறேன். தாளில் இல்லை என்பதால் தவறு என்னுடையதாகத்தான் இருக்கும்." கையெழுத்துக்கு முன்னால் இன்னொரு காலி வரி. என் மூன்று வரி புரோகிராமை அந்த நேரம்வரை நான் நீக்கியிருக்கவில்லை. அந்தக் கடிதத்தை அவர் பிரிண்ட் எடுத்திருந்தால் அதிலும் அந்தக் காலி வரிகளை நான் தின்றிருப்பேன். முதலில் புரோகிராமை நீக்கினேன், பிறகு கடிதத்தை அழித்தேன்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தார்.

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன் அக்கா."

"படிச்சிட்டா அழிச்சே?"

உள்ளதைச் சொன்னேன். "ஆமாக்கா."

மறுமுனையில் டைப் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"சரி, விடு. இனிமே எதையும் அழிக்கதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."

அதன் பிறகு அவர் இருந்த காலம் முழுக்க, ஒவ்வொரு முறையும், கேட்டேன்.